பூஜ்யத்துக்குக் கீழே நான்கு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்படக் கூடாது. பதினெட்டு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பின் வண்டி ஓட்டாதவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, நான் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வேலையில் மெதுவாகப் பேசினால் வண்டி சுவரில் போய்த்தான் நிற்கும்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். அவர் வாயைத் திறக்க வைக்கப் பல் டாக்டரால் மட்டும்தான் முடியும். கடைகளில் இருக்கும் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் அரசாங்க வேலை அவருக்கு. மரப்பெட்டியில் பித்தளை எடைக்கற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு கடை கடையாகப் போவார். கல்லை வைப்பார், முள்ளைப் பார்ப்பார், எழுதுவார், வந்துவிடுவார். கடைக்காரர்கள் அவரிடம் எவ்வளவோ குழைந்து பார்த்திருக்கிறார்கள். மனுஷன் ஒரு கிராம்கூட அசைந்து கொடுத்ததில்லை.

அப்படிப்பட்டவர் போன வருடம் ஒரு நாள், ஒரு காய்கறிக் கடை வாசலில் ஆபீஸ் வேனை நிறுத்திவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அரை மணி அல்ல, மூன்று மணி நேரம். உள்ளே இருந்த கடைக்காரர் வெலவெலத்துப் போய்விட்டார். ஏதோ பெரிய சோதனை என்று நினைத்துத் தராசைத் தானே பிரித்துச் சரிசெய்து, கடைசியில் தாங்க முடியாமல் வெளியே வந்து, "சார், அம்பது கிராம் வித்தியாசம் வச்சிருந்தேன், இப்ப எடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்று வேன் கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். இவர் அவரைத் திரும்பிப் பார்த்து, "என்னால இறங்க முடியலைங்க" என்றாராம். அந்தக் கடைக்காரர்தான் எனக்கு போன் செய்தார். நல்ல மனிதர், அந்த ஐம்பது கிராமைத் தவிர.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மனச்சோர்வு என்றார்கள். என் நாத்தனாருக்குச் சொன்னபோது அவர் அசரவே இல்லை. "அவன் பொறந்ததிலேர்ந்தே அப்படித்தானே? அதுக்கு எதுக்கு டாக்டர்?" என்று கேட்டு போனை வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிலருக்குச் சுருட்டை முடி, சிலருக்குக் குட்டைக் கால், என் வீட்டுக்காரருக்கு இந்த முகம்.

முதலில் கொடுத்த மருந்தில் நாள் முழுக்கத் தூங்கினார். இரண்டாவது மருந்தில் நாலு கிலோ கூடினார். அதை மட்டும் தேதி போட்டு எழுதி வைத்தார். முகம் மட்டும் மாறவில்லை. அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு புது ஆய்வு நடப்பதாகச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார்கள். மாடியில் ஒரு நீளமான அறை, நடுவில் மேஜை, சுவர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் எப்போதும் பழுதாகவே இருக்கும் ஒரு காபி மிஷின். ஆய்வை நடத்துவது ஒரு டாக்டரம்மா. எல்லா வேலையும் செய்வது ஒரு நர்ஸ். சின்னப் பெண், மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மேஜை முழுக்கத் தேடுகிற ரகம்.

ரெண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதுதான் ஆய்வு. ஒன்று மனச்சோர்வுக்கே கொடுக்கும் பழைய மாத்திரை. இன்னொன்று வேறு ஏதோ நோய்க்கு வந்த கேப்ஸ்யூல், இதோடு சேர்ந்தால் உதவும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

"தனித்தனியா குடுத்தா பெருசா வேலை செய்யல. சேத்துக் குடுத்தா செய்யும்னு நினைக்கிறோம்," என்றார் டாக்டரம்மா.

"எங்களுக்கும் இப்படிச் சொல்லித்தான் கல்யாணம் பண்ணி வச்சாங்க டாக்டர்," என்றேன்.

நர்ஸ் சிரித்தாள். டாக்டரம்மாவும் சிரித்தார். இவர் மட்டும் இருபத்திரண்டு பக்க ஒப்புதல் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். பதினாலாவது பக்கத்தில் மில்லிகிராம் என்று இருக்க வேண்டிய இடத்தில் கிராம் என்று இருப்பதைக் கண்டுபிடித்து, "இப்படிக் குடுத்தா ஆள் செத்துடுவான்" என்று மெதுவாகச் சொன்னார். டாக்டரம்மாவுக்கு வியர்த்துவிட்டது.

வந்தவர்களில் சிலருக்கு இரண்டும் அசல் மருந்து, சிலருக்கு ஒன்று அசல், சிலருக்கு இரண்டுமே வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கே தெரியாதாம். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பிரேக் இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாமல் நான் பாடம் எடுத்தால் சும்மா விடுவார்களா? இவரோ முதல் வாரப் பொட்டலத்தை அப்படியே ஆபீசுக்கு எடுத்துப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் நுண்தராசில் ஒவ்வொரு மாத்திரையாக நிறுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்னங்க, அசலா வெத்தா?"

"தெரியல. ஆனா எல்லாம் ஒரே எடை. நேர்மையான கம்பெனி."

மனுஷன் அந்த வருடத்தில் யாரையாவது பாராட்டியது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கேள்வித்தாள் கொடுத்திருந்தார்கள். பத்துக் கேள்விகள். சோகமாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, எதையாவது செய்யத் தொடங்குவது கஷ்டமாக இருக்கிறதா, இந்த மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஆறு வரை போட்டுக்கொள்ளலாம். நிறைய வந்தால் மோசம், குறைய வந்தால் நல்லது. கூட்டி வரும் மொத்தத்தை மட்டும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தால் போதும். முதல் நாள் ஆய்வில் சேருவதற்குக் குறைந்தது இருபது வேண்டும் என்றார்கள். இவருக்கு இருபத்தொன்று வந்தது.

"தப்பிச்சீங்க சார், மயிரிழையில உள்ள வந்துட்டீங்க," என்றாள் நர்ஸ். பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பார்க்கிற மாதிரி நான் இவரைப் பார்த்தேன்.

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. இருபது, பத்தொன்பது, பதினாறு என்று அட்டையில் எழுதினார். நான்காவது வாரம் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தார். ஐந்தாவது வாரம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து நான் கார் ஓட்டிக்கொண்டு வருகிறேன், இவர் பக்கத்தில். ஒரு திருப்பத்தில் திடீரென்று, "நீ இண்டிகேட்டர் போடல" என்றார்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். இருபத்துநாலு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"போட்டேன்."

"போடல. திரும்பின பிறகு போட்ட. அது கணக்கில சேராது."

"யாருக்குச் சொல்லிக்குடுக்குறீங்க? எனக்கா?"

"உனக்குத்தான். ஊருக்கெல்லாம் நீ சொல்லிக்குடுக்குற, உனக்கு யாரு சொல்றது?"

ஓரத்தில் நின்றபடி அரை மணி நேரம் சண்டை போட்டோம். அவர் குரலை உயர்த்தினார்! டாஷ்போர்டைத் தட்டினார்! பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போனார். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, வேலைக்காக வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு போன் போட்டு, "உங்கப்பா என்னோட சண்டை போட்டார்டி" என்று சொன்னேன். அவள் பயந்துபோய், "ஐயோ, என்னம்மா ஆச்சு?" என்றாள். சந்தோஷ சமாச்சாரம் என்று புரியவைக்கக் கால் மணி நேரம் பிடித்தது.

ஆறாவது வாரம் ஐந்து என்று எழுதினார். ஏழாவது வாரம் பூஜ்யம். நர்ஸ் கைதட்டினாள். அந்த ஆய்வில் யாருமே பூஜ்யத்துக்கு வரவில்லையாம். டாக்டரம்மா எழுந்து வந்து கைகுலுக்கினார். நான் அந்தப் பழுதான காபி மிஷினையே கட்டிப்பிடிக்கிற நிலையில் இருந்தேன். இவர் மட்டும், "சரியா வந்துடுச்சு" என்று சொல்லித் தலையாட்டினார், தராசு சரியாக இருந்தால் கடைக்காரரிடம் சொல்கிற மாதிரி.

எட்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் இவர் அந்தக் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மூன்று தடவை போட்டார். கூட்டினார், அடித்தார், மறுபடி கூட்டினார். காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. போச்சு, பழையபடி ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் போய் நின்றதும் நர்ஸிடம், "ஒரு புகார் குடுக்கணும்" என்றார்.

"என்ன சார்?"

"மருந்து அதிகமா வேலை செய்யுது."

அட்டையை நீட்டினார். அவள் பார்த்தாள். தலையிலிருந்த கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு என்னிடம் காட்டினாள். அழகான கையெழுத்தில் மைனஸ் நாலு என்று எழுதியிருந்தது.

"சார், இதுல மைனஸே கிடையாதே சார்? பத்துக் கேள்விக்கும் பூஜ்யம் போட்டாக்கூட பூஜ்யம்தானே வரும்?"

"அதான் நானும் சொல்றேன். தட்டு காலியா இருக்கு, முள்ளு பூஜ்யத்துக்குக் கீழ போகுது. எங்கேயோ கோளாறு."

அவள் கம்ப்யூட்டரில் மைனஸ் நாலு என்று அடித்துப் பார்த்தாள். அது சிவப்பாக மின்னிக் கத்தியது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். டாக்டரம்மா வந்து நின்றபடியே அட்டையைப் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்க. முதல்லேர்ந்து."

இவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். எனக்கே தெரியாத நோட்டு. ஆபீசில் தராசு சோதிக்கும்போது எழுதுகிற மாதிரியே கோடு போட்டு மூன்று கட்டம். மொத்தம், வெறும் தட்டு, கழித்து வரும் நிகரம்.

"முதல் நாள் கேள்வித்தாள்ல எனக்கு முப்பத்தெட்டு வந்துச்சு," என்றார். "அதுல பதினேழு நான். வெறும் நான். வியாதி எதுவும் இல்லாதப்பவே இருக்கிறது. தட்டோட எடையைச் சேத்து எழுதினா ஏமாத்துற மாதிரி ஆயிடும் இல்லையா? அதைக் கழிச்சு இருபத்தொண்ணுன்னு எழுதினேன். ஒவ்வொரு வாரமும் அதே மாதிரிதான்."

டாக்டரம்மா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நர்ஸின் வாய் திறந்தபடி இருந்தது.

"முப்பத்தெட்டா? முப்பத்தெட்டோடயா நடந்து வந்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

"இல்லைங்க, கார்ல வந்தோம்."

அவர் அதைச் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. அவரிடம் கேட்டால் சரியான பதில்தான் வரும்.

"சரி, பதினேழுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"என் வாழ்க்கையில நல்ல நாளா நாலஞ்சு எடுத்துக்கிட்டேன். அன்னிக்கு எப்படி இருந்துச்சுன்னு ஞாபகப்படுத்தி, ஒவ்வொரு நாளுக்கும் இந்தப் பத்துக் கேள்விக்கும் பதில் போட்டேன். வேலை கெடைச்ச அன்னிக்கு இருபத்தி ரெண்டு. மக பொறந்த அன்னிக்குப் பத்தொன்பது. கல்யாணத்தன்னிக்குப் பதினேழு. அதுக்குக் கீழ எந்த நாளும் வரல. அப்ப அதுதானே பூஜ்யம்?"

கல்யாணத்தன்று பதினேழு என்று காதில் விழுந்ததும் எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "பதினேழா?" என்று கத்தினேன். "என்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்குப் பதினேழா? அன்னிக்கு எதுக்குங்க சோகம்? என் மூஞ்சியைப் பாத்தா? எங்க வீட்டு ஆளுங்க என்ன குறை வச்சாங்க? இதை நோட்டுப் போட்டு எழுதி வேற வச்சிருக்கீங்க!"

வெளியே காத்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, அக்கா, குறைஞ்சாத்தான் நல்லது. மறந்துட்டீங்களா? அவர் எழுதினதுலேயே அதுதான் கம்மி."

எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது. இவர் ஆயுசிலேயே நன்றாக இருந்த நாள் என் கல்யாண நாள் என்று எழுதியிருக்கிறார். அதற்குத்தான் நான் ஊரைக் கூட்டியிருக்கிறேன். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் போவது எனக்குப் பழக்கமில்லாத விஷயம்.

டாக்டரம்மா உள்ளே போய் மருந்துக் கம்பெனிக்கு போன் செய்துவிட்டு வந்தார். "நல்லவேளை நோட்டு இருக்கு. அசல் நம்பர் இருந்தா எல்லாத்தையும் திருத்தி, நீங்க கையெழுத்துப் போட்டுட்டு, ஆய்வுல தொடரலாம்னு சொல்லிட்டாங்க. இன்னும் நாலு மாசத்துக்கு மருந்து கெடைக்கும். கையெழுத்துப் போடலைன்னா இன்னியோட மருந்தை நிறுத்தணும். இது கடையில கெடைக்காது."

"திருத்திக் கையெழுத்துப் போடுறேன்," என்றார் இவர். "ஆனா தொடரல. எனக்கு மருந்து போதும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போதுமா? என்னங்க சொல்றீங்க?"

"போன வாரமே பூஜ்யம் வந்துடுச்சு. கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரியே இருந்தேன், ஒரு வாரம் முழுக்க. எனக்குச் சேர வேண்டியது அவ்வளவுதான். இந்த நாலு எனக்குரியது இல்ல." அட்டையை மேஜையில் தள்ளி வைத்தார். "கடைக்காரன் தராசு இப்படிக் காட்டினா, இனி பயன்படுத்தக் கூடாதுன்னு சீல் வைப்பேன். எனக்கு மட்டும் எப்படி வச்சுக்கிறது? யாரோடதையோ எடுத்துக்கிற மாதிரி இருக்கு."

நான் சொல்லாததில்லை. கெஞ்சினேன், திட்டினேன், மகளைக் கூப்பிடுவேன் என்று மிரட்டினேன். அந்த வேன் மறுபடி ஏதாவது ஒரு கடை வாசலில் போய் நிற்கும், அன்றைக்கும் கடைக்காரர் நல்லவராக இருப்பார் என்று என்ன நிச்சயம்? எனக்கு இந்த எட்டு வாரமும் திரும்பப் போய்விடுமே என்று பயம், வெறும் பயம். இவரோ கல்லைப் போல உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "பூஜ்யம்னா அது இல்ல. நல்லா இருக்கிற ஒருத்தருக்கு சாதாரண நாள்லயே மூணு, நாலு, அஞ்சுதான் வரும்."

"இருக்காது," என்றார் இவர்.

"இருக்கும்."

"சரிபாத்தீங்களா?"

"என்னது?"

"ஒரு தராசு சரியான்னு பாக்கணும்னா, எடை தெரிஞ்ச கல்லு ஒண்ணு வேணும். அப்படி யாரையாவது வச்சுப் பாத்தீங்களா? எங்க, காட்டுங்க."

நர்ஸ்தான் சட்டென்று பிளாஸ்டிக் உறை போட்ட கேள்வித்தாளை எடுத்து என் மடியில் போட்டாள். "அக்கா, நீங்க போடுங்க. உண்மையா போடுங்க."

"எதுக்கு நான்? எனக்கு என்ன வந்துச்சு?"

"அதுக்குத்தான்."

போட்டேன். சோகம், பூஜ்யம். பசி, கேட்கவே வேண்டாம். தூக்கத்துக்கு இரண்டு போட்டேன், முழங்கால் வலியால் விடிகாலையில் விழிப்பு வந்துவிடுகிறது. எதிர்காலத்தை நினைத்தால் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு ஒன்று, என் டிரைவிங் ஸ்கூலில் அந்த வாரம் மூன்று பேர் டெஸ்டுக்குப் போக இருந்தார்கள். மொத்தம் மூன்று. நர்ஸுக்கு ஐந்து வந்தது. வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணனையும் கூப்பிட்டு வந்தாள். அவர், "கால் வலிக்கு எத்தனை போடணும் சார்?" என்று இவரைக் கேட்டுக்கொண்டே போட்டார், மொத்தம் நாலு வந்தது. டாக்டரம்மா தானும் ஒன்று போட்டார். பதினொன்று வந்தது. யாரும் பார்ப்பதற்குள் அதை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அது வேற விஷயம்" என்றார்.

இவர் எங்கள் அட்டைகளை எல்லாம் வாங்கி வரிசையாக வைத்தார். என் அட்டையை மட்டும் கையில் எடுத்து, சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார்.

"மறுபடி போடு."

மறுபடி போட்டேன். மூன்று.

"எரிச்சல், கோவம் இதெல்லாம் கேள்வியில இல்லையா?" என்று நர்ஸைக் கேட்டார்.

"இல்ல சார்."

"இருந்திருந்தா ஆறு."

"இருந்தா போட்டிருப்பேன், எனக்கென்ன பயமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னிக்கு என்ன விசேஷம் உனக்கு?"

"ஒரு விசேஷமும் இல்லையே. காலையில கிளாஸ்ல ஒரு ஆளு வண்டியை மின்கம்பத்துல இடிச்சான். பம்பர் போச்சு."

"அப்படி இருந்தும் மூணு."

"ஆமா."

"தினமும் இப்படியா?"

"ஏறக்குறைய."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல், அந்த அட்டைகளைப் பார்த்தே பேசினார்.

"எல்லாரும் பதினேழைத் தூக்கிக்கிட்டுத்தான் இருக்காங்கன்னு நினைச்சேன். தூக்கிக்கிட்டே சிரிக்கிறாங்க, சண்டை போடுறாங்க, கடைக்குப் போறாங்க, பிள்ளைங்களைக் கொஞ்சுறாங்க, எவ்வளவு தைரியம்னு நினைச்சுப்பேன். உன்னைப் பாத்தெல்லாம் ரொம்ப ஆச்சரியப்பட்டிருக்கேன். எனக்குத்தான் தெம்பு பத்தல, சாமர்த்தியம் இல்லன்னு."

செக்யூரிட்டி அண்ணன் மெல்ல நழுவி வெளியே போய்விட்டார். நர்ஸ் கம்ப்யூட்டரை வெறித்துப் பார்த்தாள், அதில் ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றே தெரியாத கோபம். பொறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று சொன்ன நாத்தனார் மேலா, அதை நம்பின என் மேலா? இருபத்துநாலு வருடம் பக்கத்தில் படுத்த மனுஷன் இவ்வளவு பாரத்தோடு எழுந்து வேலைக்குப் போய், பால் வாங்கி, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்திருக்கிறார். நான் அவரை உம்மணாமூஞ்சி என்று திட்டியிருக்கிறேன், விருந்தாளிகள் எதிரிலேயே.

"நீங்கதாங்க தைரியசாலி," என்றேன்.

இவர் நர்ஸிடம் பேனாவை வாங்கினார். அட்டையில் மைனஸ் நாலை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் பதின்மூன்று என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு நோட்டைத் திறந்து, வெறும் தட்டு என்ற கட்டத்தில் இருந்த பதினேழுகளை ஒவ்வொன்றாக அடித்தார். எட்டு வாரம், முதல் நாளையும் சேர்த்து ஒன்பது பதினேழு. கடைசியாக, தொடர்வதற்கான படிவத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அவர் படித்து முடித்துக் கையெழுத்துப் போடும் வரை நாங்கள் மூன்று பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தோம். நல்லவேளை, இந்தத் தடவை தப்பு ஒன்றும் இல்லை.

அடுத்த வாரத்துக்கான மருந்தை வாங்கக் கீழே கவுன்டர் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். இவர் என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "மூணுன்னா எப்படி இருக்கும்?" என்றார்.

என்னத்தைச் சொல்வது? கிளட்ச் எப்படி இருக்கும், பிரேக் எப்படி இருக்கும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"காலையில கண்ணு முழிக்கும். எழுந்திரிக்கணும்னு தோணும். எழுந்திரிச்சுடுவேன்."

அவர் காத்திருந்தார், இன்னும் ஏதோ வரப்போகிறது என்கிற மாதிரி.

"அவ்வளவுதாங்க," என்றேன்.

"நடுவுல ஒண்ணுமே இருக்காதா?"

"ஒண்ணுமே இருக்காதுங்க."

"ஒண்ணுமே இல்லாமலா," என்றார் அவர், அவ்வளவு ஆசையாக. எனக்கு அங்கேயே, அந்த வரிசையில், அத்தனை பேர் நடுவில் அழுகை வந்துவிட்டது. எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். இவர் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை மருந்துக்காக நீட்டினார்.